மடிக்கணினியைத் திறந்ததும் தானாகப் பேசும் தாவல்கள்



கேட்டல் பயிற்சி நடத்தும் ஆசிரியர் எல்லாருக்கும் ஒன்று தெரியும். ஓர் உரையை மாணவர் முதன்முதலாகக் கேட்பது ஒரே ஒரு தடவைதான். அதன்பிறகு இரண்டு முறை ஒலிக்கவிடலாம், மூன்று முறையும் ஒலிக்கவிடலாம். ஆனால் அந்த முதல் கேட்டல் கெட்டுப்போனால் கெட்டதுதான். கேள்வித்தாளைக் கொடுக்கும் முன்பே விடை காதில் விழுந்துவிட்டால், அப்புறம் அது கேட்டல் பயிற்சி இல்லை, ஞாபகப் பயிற்சி.

சென்ற தவணையில் படிவம் ஐந்து மாணவர்களோடு எனக்கு அப்படித்தான் ஆனது. முதல் நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து ஓர் உரையை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, எட்டுக் கேள்விகள் தயாரித்தேன். உரை பாதியில் நின்றிருந்தது. பிள்ளைகள் தூங்குகிறார்களே என்று ஒலியையும் அடைத்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். இரவில் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, எனக்குத் தெரியாது. காலையில் வகுப்புக்குள் நுழைந்து எச்.டி.எம்.ஐ. கம்பியைத் தொலைக்காட்சியில் செருகி, கடவுச்சொல்லைத் தட்டினேன். கேள்வித்தாள்கள் இன்னும் என் கையில்தான் இருந்தன. உலாவி தானாகத் திறந்தது. உரை, நான் விட்ட இடத்திலிருந்து, வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஓடியது. நான்காம் கேள்விக்கும் ஐந்தாம் கேள்விக்கும் விடை அங்கேதான் இருந்தது.

அதோடு விட்டதா? பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு சன்னலில் ஒரு சமையல் காணொலி. "இப்ப கடுகு போட்டுத் தாளிச்சுக்குங்க" என்று ஓர் அம்மா தொடங்கிவிட்டார். வகுப்பு சிரித்தது. முன்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், விட வந்துருச்சு!" என்றான். கடுகைச் சொன்னானோ, நான்காம் கேள்வியைச் சொன்னானோ!

அன்று நான் செய்ததெல்லாம் பதற்றத்தில் கம்பியைப் பிடுங்கியதுதான். பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தபோதுதான் இது ஒரே கோளாறு இல்லை என்று புரிந்தது. மூன்று தனித்தனி முடிவுகள் அன்று ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. தாவல்களை மறுபடியும் திறந்தது ஒன்று. திறந்த பக்கத்தை ஒலியோடு ஓட அனுமதித்தது இன்னொன்று. நான் அடைத்துவைத்த ஒலியை மதிக்காமல் தொலைக்காட்சி வழியாக வெளியே விட்டது மூன்றாவது. இவற்றில் எதை மாற்ற வேண்டும் என்று தெரியாமல் கண்ட கண்ட பொத்தானை அழுத்தினால், அடுத்த வாரம் வேறு வகையில் மாட்டிக்கொள்வோம். அதையும் பின்னால் சொல்கிறேன்.

பட்டியல்களின் பெயர்களைத் திரையில் தெரியும் ஆங்கில ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தேடிப் பிடிக்க அதுதான் வசதி. டேப் என்று நாம் பேச்சில் சொல்வதை இங்கே தாவல் என்றே எழுதுகிறேன்.

தாவல்களைத் திறந்தது யார்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது உலாவியின் தொடக்க அமைப்பை. குரோமில் செட்டிங்ஸ் போய் 'ஆன் ஸ்டார்ட்அப்' என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே மூன்று தேர்வுகள் இருக்கும்: புதிய வெற்றுத் தாவலோடு தொடங்குவது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது, நாம் குறித்துக்கொடுத்த பக்கங்களை மட்டும் திறப்பது. நடுவில் உள்ள 'கண்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்' தெரிவாகியிருந்தால் நேற்றிரவு திறந்திருந்ததெல்லாம் இன்று காலை வரும். ஃபயர்பாக்ஸில் ஜெனரல் பகுதியில் 'ஓப்பன் ப்ரீவியஸ் விண்டோஸ் அண்ட் டேப்ஸ்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். எட்ஜிலும் தொடக்கத்துக்கான இதே மாதிரி தேர்வுகள் உண்டு.

இங்கே ஒன்றும் தெரிவாகாமல் இருந்தும் தாவல்கள் வருகின்றனவா? அப்படியென்றால் உலாவிக்கு வெளியே பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போனால், வெளியேறும்போது திறந்திருந்த செயலிகளைச் சேமித்து, மறுபடி உள்நுழையும்போது திறக்கும் ஒரு விசை இருக்கும். பலர் பார்க்காத இடம் அது. மேக் கணினியில் மூடும்போது ஒரு சிறு பெட்டி தோன்றி, மீண்டும் நுழையும்போது சன்னல்களைத் திறக்கவா என்று கேட்கும். நாம் படிக்காமலேயே சரி என்று அழுத்திவிடுவோம்.

இன்னொரு வழியும் உண்டு. மின்சாரம் போனாலோ, பொறுமை இழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலோ, உலாவி அதை விபத்து என்று எடுத்துக்கொள்ளும். குரோம் அடுத்த முறை திறக்கும்போது பக்கங்களை மீட்கவா என்று ஒரு சிறு குமிழில் கேட்கும். ஃபயர்பாக்ஸ் பெரும்பாலும் கேட்காமலே மீட்டுவிடும். அடுத்தடுத்து விழுந்தால்தான் தாவல்களின் பட்டியலைக் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்கும். அந்தப் பட்டியல் வந்தால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் மீட்காதீர்கள். சத்தம் போடக்கூடியவற்றின் முன் உள்ள அடையாளத்தை எடுத்துவிட்டு மற்றவற்றை மீட்கலாம்.

சரி, மீட்பையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாடக்குறிப்பு, வருகைப் பதிவு, புள்ளிப் பதிவு, டெலிமா வகுப்பறை என்று பத்துப் பதினைந்து பக்கங்களோடு வேலை செய்பவர்களுக்கு மீட்பு ஒரு வரம். குற்றம் மீட்டதில் இல்லை, மீட்டதும் பேச விட்டதில் இருக்கிறது.

பேச விட்டது யார்?

ஒரு வலைப்பக்கம் தன் காணொலி தானாக ஓட வேண்டும் என்று உலாவியிடம் கேட்கலாம். கேட்பதுதான் பக்கத்தின் வேலை, அனுமதிப்பதும் மறுப்பதும் உலாவியின் வேலை. ஒரு காலத்தில் உலாவிகள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டின. செய்திப் பக்கத்தைத் திறந்தால் மூலையில் ஒரு விளம்பரம் கத்தும். எந்தத் தாவல் கத்துகிறது என்றுகூடத் தெரியாது. 2014 தொடக்கத்தில்தான் குரோம் ஒலிக்கும் தாவலின் மீது சிறு ஒலிபெருக்கிச் சின்னத்தைக் காட்டத் தொடங்கியது.

கதவைச் சாத்தும் வேலை அதன்பிறகு வந்தது. 2017 செப்டம்பரில் வெளியான சஃபாரி 11, ஒலியோடு தானாக ஓடுவதைத் தடுக்கும் வசதியைத் தளவாரியாகக் கொடுத்தது. குரோம் 2018 ஏப்ரலில் வந்த 66ஆம் பதிப்பில் தன் விதியை மாற்றியது. ஃபயர்பாக்ஸ் 2019 மார்ச்சில், தற்செயலாக அதுவும் 66ஆம் பதிப்புதான், ஒலியோடு தானாக ஓடுவதை எல்லாத் தளங்களுக்கும் தடுத்தது. ஒலி இல்லாத காணொலியை மட்டும் எல்லாரும் விட்டுவைத்தார்கள். அது காதைத் தொந்தரவு செய்யாது என்பது ஒரு காரணம். அதையும் தடுத்தால் வலைத்தளங்கள் அதைவிடப் பெரிய அசையும் படக்கோப்புகளுக்குத் திரும்பி நம் இணையத் தரவைத் தின்னும் என்பது இன்னொரு காரணம்.

அப்படியானால் நம் வகுப்பில் ஏன் ஒலித்தது? குரோமின் விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒலியோடு ஓட ஒரு தளத்துக்கு அனுமதி கிடைக்கும் வழிகளில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, அந்தத் தளத்தில் நீங்கள் எதையாவது சொடுக்கியிருக்க வேண்டும். இதனால்தான் வகுப்பில் நாம் நடத்தும் சில வினாடி வினா விளையாட்டுகளில் முதல் சொடுக்கு விழும்வரை இசை வராது. ரீஸ்டார்ட் ஆனபின் இந்தச் சொடுக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். நேற்று சொடுக்கியது இன்று செல்லாது. எனவே இது காரணமில்லை.

இரண்டாவது வழிதான் நம் விஷயம். மேசைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றில் குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. மீடியா எங்கேஜ்மென்ட் இன்டெக்ஸ் என்று அதற்குப் பெயர். நீங்கள் அந்தத் தளத்துக்கு எத்தனை முறை போகிறீர்கள், அதில் எத்தனை முறை உண்மையிலேயே காணொலி பார்க்கிறீர்கள் என்ற விகிதம் அது. பார்த்ததாகக் கணக்கில் சேர்வதற்கும் நிபந்தனைகள் உண்டு: ஏழு விநாடிக்கு மேல் ஓடியிருக்க வேண்டும், ஒலி திறந்திருக்க வேண்டும், அந்தத் தாவல் முன்னால் இருக்க வேண்டும், காணொலி ஒரு குறைந்தபட்ச அளவைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இந்த மதிப்பெண் எல்லையைத் தாண்டிய தளத்துக்குச் சொடுக்கு எதுவும் தேவையில்லை. திறந்தவுடன் பேசலாம்.

இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். தினமும் வலையொளியில் பாடக் காணொலி தேடும் ஆசிரியரின் கணினியில், வலையொளிக்குத்தான் அதிக மதிப்பெண் இருக்கும். நாம் எதை அதிகம் நம்பிப் பயன்படுத்துகிறோமோ அதுதான் வகுப்பில் நம்மைக் கேட்காமல் வாய் திறக்கும். பழக்கமில்லாத ஒரு செய்தித்தளம் அதே காலையில் அமைதியாக இருக்கும். "என் கணினியில் கத்துகிறது, பக்கத்து வகுப்பு ஆசிரியரின் கணினியில் கத்தவில்லையே" என்று குழம்புவதற்குக் காரணமும் இதுதான். உலாவி ஒன்றுதான், ஆனால் மதிப்பெண் ஆளுக்கு ஆள் வேறு. புதிதாகக் குரோமைத் தொடங்குபவருக்கு எந்த வரலாறும் இருக்காதே என்பதற்காக, மக்கள் பெரும்பாலும் ஒலியோடு பார்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலையும் அந்த மாற்றத்தின்போது சேர்த்துவைத்தார்கள். ஆகவே புதுக் கணினி என்பதால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது.

உங்கள் மதிப்பெண்களைப் பார்க்க ஆசையா? குரோமின் முகவரிப் பட்டையில் குரோம் என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், அதையடுத்து மீடியா-எங்கேஜ்மென்ட் என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். தளங்களின் பட்டியல் வரும். நான் பார்த்தபோது முதலிடத்தில் என்ன இருக்கும் என்று எதிர்பார்த்தேனோ அதுவே இருந்தது. மூன்றாம் இடத்தில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன்.

ஒன்றை மட்டும் இங்கே பிரித்துக்கொள்ளுங்கள். வலையொளியின் திரையிலேயே ஆட்டோபிளே என்று ஒரு சிறு விசை இருக்கிறது. பலரும் அதை அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு காணொலி முடிந்தபின் அடுத்தது தானாக வருவதை மட்டுமே அது நிறுத்தும். முதல் காணொலி ஓடுவதை அது தடுக்காது. வகுப்பில் அதை அணைத்துவைப்பது நல்லதுதான், பாடம் முடிந்தபின் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்! ஆனால் காலை நேரச் சத்தத்துக்கு அது மருந்து இல்லை.

மருந்து எங்கே இருக்கிறது? ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு எளிது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் பெர்மிஷன்ஸ், அதில் ஆட்டோபிளே. 'பிளாக் ஆடியோ' என்பது ஒலியை மட்டும் தடுக்கும். 'பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ' என்பது காணொலி அசைவதையே தடுக்கும். இரண்டாவதை வைத்துக்கொண்டு, தேவையான ஓரிரு தளங்களுக்கு மட்டும் முகவரிப் பட்டையின் இடப்பக்கச் சின்னம் வழியாக அனுமதி கொடுக்கலாம். சஃபாரியில் செட்டிங்ஸுக்குள் வெப்சைட்ஸ், அதில் ஆட்டோ-பிளே. 'நெவர் ஆட்டோ-பிளே' வரை போகலாம். எட்ஜில் மீடியா ஆட்டோபிளே என்ற அனுமதியை 'லிமிட்' என்று மாற்றினால் நம் பழக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும். அதாவது குரோமின் மதிப்பெண் முறையைப் போலத்தான், முழுத் தடை இல்லை.

குரோமில்தான் சங்கடம். தானாக ஓடுவதை நிறுத்து என்று ஒரு சாதாரண விசை அதில் கிடையாது. சைட் செட்டிங்ஸில் சவுண்ட் என்ற ஒரு பகுதி உண்டு. எல்லாத் தளங்களின் ஒலியையும் அடைக்கலாம், விதிவிலக்காகச் சில தளங்களைத் திறக்கலாம். ஆனால் காணொலி ஓடத்தான் செய்யும், ஒலி மட்டும் வராது. நாம் கவனிக்கும் முன் நம் உரை பாதி தூரம் போயிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்புகிறோம் என்று சொல்லிப் பல நீட்டிப்புகள் கிடைக்கின்றன. நான் போடவில்லை. நிறுவும்போது அவற்றில் பல, நீங்கள் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். மாணவர்களின் பெயரும் அடையாள எண்ணும் புள்ளியும் பதியும் அதே உலாவியில், யார் எழுதியது என்று தெரியாத ஒன்றுக்கு அந்தச் சாவியைக் கொடுப்பதைவிட நான் கடுகு தாளிப்பையே கேட்டுக்கொள்வேன்.

ஒலியை அடைத்துவிட்டுத்தானே மூடினேன்?

இதுதான் என்னை அதிகம் குழப்பியது. விடை மிக எளிது. விண்டோஸ் ஒலியளவை ஒவ்வொரு வெளியீட்டுக் கருவிக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது. நான் இரவில் அடைத்தது மடிக்கணினியின் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியை. காலையில் எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகியதும் ஒலி தொலைக்காட்சிக்கு மாறிவிட்டது. தொலைக்காட்சிக்கான ஒலியளவு, போன வாரம் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று நானே ஏற்றிவைத்த அளவிலேயே காத்திருந்தது. புளூடூத் ஒலிபெருக்கிக்கும் இதே கதைதான்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் கணினியைத் திறந்து, உள்நுழைந்து, உலாவி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கம்பியைச் செருகுங்கள். செருகியதும் ஒருமுறை ஒலியளவைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு என் உரை தப்பித்திருக்கும். மேலே சொன்ன அமைப்புகளில் எதையும் மாற்ற முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் இது உதவும். பள்ளி நிர்வகிக்கும் கணினிகளில், கணக்குகளில் சில விசைகள் பூட்டப்பட்டிருக்கும். உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கணினிப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

சத்தம் வந்துவிட்டால்

பதறாமல் விசைப்பலகையில் உள்ள ஒலியடைப்பு விசையை முதலில் அழுத்துங்கள். அது அந்த நேரத்தில் ஒலி எங்கே போகிறதோ அந்தக் கருவியைத்தான் அடைக்கும், ஆகவே வேலை செய்யும். அப்புறம் ஆளைத் தேடலாம். குரோமில் மேலே வலப்பக்கம் ஓர் இசைக்குறிச் சின்னம் தோன்றும். அதைச் சொடுக்கினால் எந்தெந்தப் பக்கம் ஒலிக்கிறது என்று ஒரே இடத்தில் காட்டும், அங்கேயே நிறுத்தலாம். முப்பது தாவல்கள் குச்சி குச்சியாக நெருக்கிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தேடுவதைவிட இது வேகம். ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு எம் எழுத்தைத் தட்டினால் முன்னால் உள்ள தாவல் அடங்கும்.

முன்பு சொன்ன பொறி இங்கேதான் இருக்கிறது. குரோமில் தாவலின் மேல் வலச்சொடுக்குப் போட்டால் 'மியூட் சைட்' என்று வரும். கவனியுங்கள், அது தாவலை அடைப்பதில்லை, தளத்தையே அடைக்கிறது. 2018லிருந்து அப்படித்தான். இன்றைக்கு அவசரத்தில் ஒரு வலையொளித் தாவலில் அதை அழுத்தினால், நாளைக்கும் அடுத்த வாரமும் எந்த வலையொளிக் காணொலியிலும் ஒலி வராது. அப்புறம் கேட்டல் பயிற்சி நாளில் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று கம்பியை மாற்றுவீர்கள், தொலைக்காட்சியை அணைத்துப் போடுவீர்கள், பக்கத்து வகுப்பிலிருந்து இன்னொரு கணினி கேட்பீர்கள். இருபது நிமிடம் போகும். தாவலின் மேல் குறுக்குக்கோடு போட்ட ஒலிபெருக்கிச் சின்னம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மறுபடி வலச்சொடுக்குப் போட்டு 'அன்மியூட் சைட்' என்று கொடுத்தால் போதும். ஃபயர்பாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை, அங்கே அடைப்பது அந்த ஒரு தாவலை மட்டும்தான்.

வகுப்புக்கு எது ஒத்துவரும்?

மீட்கப்பட்ட தாவல்களில் எது பேசும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பின்னால் இருக்கும் தாவலை நீங்கள் ஒருமுறையாவது முன்னால் கொண்டுவரும் வரை அதன் ஒலி பொதுவாகக் காத்திருக்கும். ஃபயர்பாக்ஸ் அந்தப் பக்கத்தை நீங்கள் தொடும்வரை ஏற்றுவதே இல்லை, பின் குத்தி வைத்த தாவல்கள் மட்டும் விலக்கு. எனவே காலையில் பேசுவது பெரும்பாலும் கடைசியாக நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த தாவல்தான். ஆனால் சன்னலுக்குச் சன்னல் ஒரு முன் தாவல் உண்டு. மூன்று சன்னல்கள் திறந்திருந்தால் மூன்று பேர் பேசலாம். என் வகுப்புக்குச் சமையல் அம்மா வந்துசேர்ந்தது அந்த வழியில்தான்.

ஆகவே கணினியை மூடும் முன் சன்னல்களை ஒன்றாக்கி, ஊமைப் பக்கம் ஒன்றை முன்னால் வைத்துவிட்டு மூடுங்கள். நான் பாடத்திட்டப் பக்கத்தை வைக்கிறேன். அது இதுவரை யாரிடமும் சத்தம் போட்டதில்லை.

இதைவிட உறுதியான வழி, பள்ளிக்கென்று தனி சுயவிவரம் வைத்துக்கொள்வது. குரோமில் மேலே வலப்பக்கம் உங்கள் படம் இருக்கும் வட்டத்தைச் சொடுக்கினால் புதிய சுயவிவரம் சேர்க்கலாம். அதற்குத் தனி வரலாறு, தனித் தாவல்கள், தனித் தொடக்க அமைப்பு, தனி மதிப்பெண் கணக்கு. வகுப்பறைச் சுயவிவரத்தை வெற்றுத் தாவலோடு தொடங்கும்படி வைத்து, வீட்டுச் சுயவிவரத்தில் மீட்பை விட்டுவைக்கலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தொலைக்காட்சியில் முகவரிப் பட்டையைத் தட்டும்போது நேற்றிரவு நீங்கள் தேடியதெல்லாம் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் வரிசையாக வந்து நிற்காது. எனக்கு ஒலியைவிட அதுதான் பெரிய நிம்மதி.

கேட்டல் உரைக்கு மட்டும் நான் இப்போது தாவலையே நம்புவதில்லை. கூகுள் ஸ்லைட்ஸில் காணொலியைச் செருகிவிடுகிறேன். அதன் அமைப்பில் எப்போது ஓட வேண்டும் என்று கேட்கும்: சொடுக்கும்போதா, தானாகவா, கையாலா என்று. சொடுக்கும்போது என்று வைத்தால் கேள்வித்தாள் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தபிறகு நான் தட்டினால்தான் ஓடும். தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் அங்கேயே குறிக்கலாம். நமக்கு வேண்டிய இரண்டு நிமிடம் மட்டும் ஒலிக்கும். உங்களிடமே ஒலிக்கோப்பு இருந்தால் அதைக் கணினியில் வைத்து நேரடியாக இயக்குவது இன்னும் நல்லது. இணையம் விட்டுவிட்டு வரும் பள்ளிகளில் வேறு வழியும் இல்லை.

மாணவர்களுக்கு

உங்களுக்கு வேறு கவலை. வீட்டில் ஒரே மடிக்கணினியை அண்ணனோடோ தங்கையோடோ பகிர்ந்துகொள்வீர்கள். இரவு பதினொரு மணிக்கு இலக்கணம் பார்க்கலாம் என்று திறந்தால் யாரோ விட்டுவைத்த பாட்டு அலறி, "படிக்கிறேன்னு சொல்லிட்டு என்னடா பண்ற?" என்று அறைக்கு வெளியே குரல் கேட்கும். உங்கள் தவறே இல்லை, ஆனாலும் யார் நம்புவார்கள்? ஆளுக்கொரு சுயவிவரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆசிரியர்களுக்குச் சொன்ன அதே வழிதான். கைப்பேசியில் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. குரோமின் மதிப்பெண் முறை கைப்பேசியில் கிடையாது, பெரும்பாலும் நீங்கள் தொட்டால்தான் ஒலி வரும்.

தேர்வு நெருங்கும்போது நாற்பது தாவல்களைத் திறந்துவைத்து, மூடினால் தொலைந்துவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கட்டுரை மாதிரி ஒன்று, மரபுத்தொடர் விளக்கம் ஒன்று, நடுவில் நான்கு காணொலிகள். ஒரு ரீஸ்டார்ட் போதும், படிக்க உட்கார்ந்தவன் காணொலி பார்க்க உட்கார்ந்துவிடுவான். தானாக ஓடத் தொடங்கியதை நிறுத்துவது, தானாகத் தொடங்காததைத் தொடங்காமல் இருப்பதைவிடக் கடினம். எனக்கே கடினம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறந்திருக்கும் எல்லாத் தாவல்களையும் ஒரே கோப்புறையில் குறித்து வைக்க வழி வரும். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இது ஒன்றுதான். கோப்புறைக்குத் தேதியோடு பெயர் கொடுங்கள்: இலக்கியம், இலக்கணம், கட்டுரை என்று பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் துணிந்து எல்லாவற்றையும் மூடலாம். தவறுதலாக ஒன்றை மூடிவிட்டால் அதே மூன்று விசைகளில் டி எழுத்தை மட்டும் மாற்றுங்கள். குறித்து வைக்கும் டி ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து, மூடியதை மீட்கும் டி இருபதாம் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் வருகிறது, என்ன செய்வது! மூடிய வரிசையில் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.